எண்ணெயில் பார்க்காத முகம்

சிவமயம்

நெற்குப்பை
அட்சய வருஷம், ஆவணி 21

பினாங்கிலிருக்கும் தம்பி வெள்ளையனுக்கு ஆச்சி பொன்னம்மை எழுதுவது. இவ்விடம் எல்லோரும் சௌக்கியம். உன் வயிற்றுவலி இப்போது எப்படி என்று முதலில் எழுது, மற்றதைப் பிறகு எழுது.

சேதி நல்ல சேதிதான். நம் தங்கைகள் இருவரும் பெற்றுப் பிழைத்துவிட்டார்கள். காமாட்சிக்குப் பதினாலாம் தேதி விடியலில் ஆண் பிள்ளை. முத்தம்மைக்குப் பதினேழாம் தேதி மத்தியானம் ஆண் பிள்ளை. இரண்டும் தலைப்பிரசவம், இரண்டும் தாய்வீட்டில், மூன்று நாள் இடைவெளியில். நான் அந்த நான்கு நாளும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. நம் ஆத்தா உயிரோடு இருந்தால் அவள் பார்க்க வேண்டிய வேலையையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாள்.

முத்தம்மை பிள்ளை சிவப்பாக, கொழுகொழுவென்று இருக்கிறான். யார் கை நீட்டினாலும் போகிறான். காமாட்சி பிள்ளை கறுப்பு. அவன் உன் அச்சு, அதே நெற்றி, அதே முறைப்பு. பால் கொஞ்சம் தாமதமானால் வீட்டை இரண்டாக்குகிறான். "அம்மான உரிச்சு வச்சிருக்கு" என்று வந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். காமாட்சி மட்டும் அதைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவள் குணம்தான் உனக்குத் தெரியுமே.

முத்தம்மை புருஷன் முருகப்பன் மாப்பிள்ளை உன்னோடு வட்டிக்கடைக் கிட்டங்கியில் இருப்பதால் கையோடு சொல்லிவிடுவாய். காமாட்சி புருஷன் அடைக்கப்பன் மாப்பிள்ளைக்கு உன் பாலிக் புலாவ் தோட்டத்துக்கு இன்றே ஆள் அனுப்பு. தகப்பனான சேதியை நாலு நாள் கழித்துக் கேட்பது நன்றாயிராது.

அன்புள்ள
பொன்னம்மை

*

முருகன் துணை

பினாங்கு
அட்சய வருஷம், புரட்டாசி 9

ஆச்சி அவர்களுக்கு வெள்ளையன் வணக்கம். உடம்பு பரவாயில்லை. நீங்களும் தங்கைகளும் நலமாயிருக்கத் தண்ணீர்மலை முருகன் காப்பானாக.

கடிதம் பார்த்துச் சந்தோஷப்பட்டு, கிட்டங்கியில் எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தேன். மறுநாள் நம் பக்கத்து ஆள் காஜா மொய்தீன் ராவுத்தர் கப்பலிலிருந்து இறங்கினார். ஊறுகாய் ஜாடியை என் முன்னால் வைத்துவிட்டு, "செட்டியாரே, ஒரு பிள்ளை மாலை சுத்திப் பொறந்துச்சாமே? மருத்துவச்சி சந்தையில சொல்லிக்கிட்டிருந்தா" என்றார். எந்தப் பிள்ளை என்று கேட்டேன். அது அவருக்குத் தெரியவில்லை.

கொடி கழுத்தில் மாலையாகச் சுற்றிப் பிறந்த பிள்ளை அம்மானுக்கு ஆகாது. இது உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நெற்றியையும் நிறத்தையும் எழுதிய நீங்கள் இதை எழுதவில்லை. நம் வீட்டுச் சேதியை நான் ஊறுகாய் கொண்டுவந்தவர் வாயால் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

எந்தப் பிள்ளை என்று அடுத்த தபாலில் எழுதவும்.

தங்கள் தம்பி
வெள்ளையன்

*

சிவமயம்

நெற்குப்பை
புரட்டாசி 26

தம்பி வெள்ளையனுக்கு. எல்லோரும் சுகம். முத்தம்மைக்குத்தான் இரண்டு நாள் காய்ச்சல், இப்போது இல்லை.

மாலையும் இல்லை, பூவும் இல்லை. இரண்டு பிள்ளைகளையும் கையில் வாங்கியவள் நான். கழுத்து சுத்தமாக இருந்தது. மருத்துவச்சி நல்லம்மாள் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் இதைச் சொல்வாள். ஏன் தெரியுமா? அம்மான்காரன் பிள்ளை முகத்தை நேரே பார்க்காமல் கிண்ணத்து எண்ணெயில் பார்த்து முடித்ததும், வெண்கலக் கிண்ணமும் எண்ணெயும் மருத்துவச்சிக்குப் போகும். "ஆச்சி, சின்னதா சுத்துன மாதிரி இருந்துச்சுல்ல?" என்று என்னிடமே கேட்டாள். "ஒன் கண்ணுல சுத்தியிருக்கு, போடி" என்று விரட்டினேன். அந்தக் கோபத்தைச் சந்தையில் போய்த் தீர்த்திருக்கிறாள்.

அப்படியும் உனக்கு மனசு அரிக்கிறதென்றால், அடுத்த வருஷம் ஊருக்கு வரும்போது இரண்டு பிள்ளைகளையும் எண்ணெயிலேயே பார். இரண்டு கிண்ணம் நான் தருகிறேன். நல்லம்மாளும் பிழைத்துப் போகட்டும்.

காமாட்சி பிள்ளைக்கு வயிரவன் என்று அப்பன் வழித் தாத்தா பெயர் வைத்தாயிற்று.

அன்புள்ள
பொன்னம்மை

*

முருகன் துணை

பினாங்கு
ஐப்பசி 14

ஆச்சி அவர்களுக்கு. இவ்விடம் மழை விடாமல் கொட்டுகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் தூக்கம் சரியாக வருவதில்லை.

இங்கே கடற்கரைப் பக்கம் ஒரு ஜோசியர் இருக்கிறார். முருகப்பன் மாப்பிள்ளைதான் என்னை அழைத்துப் போனார். என் கட்டத்தை விரித்துப் பார்த்துவிட்டு அவர் தானாகவே சொன்னார்: "இந்த ஆவணியில உங்களுக்கு ரெண்டு மருமகப்பிள்ளை பொறந்திருக்கணும். அதுல ஒருத்தன் ஒங்கள ஒக்காந்த எடத்த விட்டு எழுப்பி, அந்த எடத்துல அவன் ஒக்காருவான்." எண்ணெயில் முகம் பார்ப்பது போதாதா என்று கேட்டேன். அது உயிருக்கு மட்டும்தான் பரிகாரமாம், இதற்குப் பரிகாரம் கிடையாதாம்.

பன்னிரண்டு வயதில் கப்பலேறினேன் ஆச்சி. அடுப்படியில் எடுபிடியாக நின்று, இன்று இந்தத் தெருவில் என் பெயர் சொன்னால் நாலு பேர் எழுந்து நிற்கிறார்கள். மனைவியும் போய்விட்டாள், பிள்ளையும் இல்லை. இந்த உட்கார்ந்த இடம் ஒன்றுதான் எனக்கு இருக்கிறது.

இரண்டுக்கும் இல்லை என்று நீங்கள் எழுதியதை நான் நம்பவில்லை. தங்கைகளைக் காப்பாற்ற எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பெயர் எழுதாவிட்டால் நான் இரண்டு தங்கைகளையும் பிள்ளைகளோடு நம் வீட்டை விட்டு வெளியே அனுப்ப வேண்டிவரும், மாப்பிள்ளைகள் இருவரையும் பினாங்கை விட்டு விலக்க வேண்டிவரும். எழுதினால் ஒரு வீட்டோடு போகும்.

தங்கள் தம்பி
வெள்ளையன்

*

சிவமயம்

நெற்குப்பை
கார்த்திகை 3

வெள்ளையா,

எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து முத்தம்மைக்குப் பால் சுரக்கவில்லை.

பெயர் கேட்கிறாய். இல்லாததற்கு நான் எங்கே போய்ப் பெயர் தேட? உனக்கு நாற்பத்து நாலு வயது. அவன்களுக்கு மூன்று மாதம். குப்புற விழுந்தால் திரும்பத் தெரியாது. அவனா உன்னை எழுப்பிவிடப் போகிறான்? ரெண்டு மருமகன் பிறந்ததை ஜோசியன் தானாகச் சொன்னானாம்! நீ கிட்டங்கி முழுக்கச் சர்க்கரை கொடுத்தால் கடற்கரையில் இருக்கிறவனுக்குத் தெரியாமல் போகுமா? ஊரை ஆளும் புத்தி உனக்கு, இது மட்டும் உறைக்கவில்லை.

உன் கடிதத்தைத் தங்கைகள் இருவருக்கும் படித்துக் காட்டினேன். முத்தம்மை அழுதாள். காமாட்சி அழவில்லை. பிள்ளைக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, "அண்ணன் மனசுக்கு யாரப் பாத்தா உறுத்துதோ அவுக பிள்ள கழுத்துலதான் மாலை விழும் ஆச்சி. பாத்துக்கிட்டே இருங்க" என்றாள்.

வீம்பை விடு. இரண்டும் நம் வீட்டில் பிறந்த பிள்ளைகள்.

பொன்னம்மை

*

முருகன் துணை

பினாங்கு
கார்த்திகை 24

ஆச்சி அவர்களுக்கு நமஸ்காரம். இப்போது தூக்கம் வருகிறது. யோசித்து ஒரு முடிவுக்கு வந்ததால் இருக்கலாம்.

நீங்கள் பெயர் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரிந்துவிட்டது. முத்தம்மை பிள்ளை யார் கை நீட்டினாலும் போகிறவன். அப்படிப்பட்டவன் யாரையும் எழுப்பிவிட மாட்டான். காமாட்சி பிள்ளை என் அச்சு என்று நீங்களே எழுதினீர்கள். என் இடத்தைப் பிடிக்க என்னைப்போல ஒருவனால்தான் முடியும். மேலும் காமாட்சிக்கு என்மேல் வருத்தம் உண்டு. பதினாறு வயதில், தாரமிழந்த அடைக்கப்பனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தது எனக்குத் தோட்டம் பார்க்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்பதற்காகத்தான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வருத்தத்தைக் குடித்து வளர்கிற பிள்ளை வேறெப்படி இருப்பான்?

பிள்ளையை நான் ஒன்றும் செய்துவிட மாட்டேன். நான் கொலைகாரன் அல்ல. அவன் நம் வீட்டில் வளரக்கூடாது, அவ்வளவுதான். காமாட்சி மாசிக்குள் புருஷன் வீட்டுக்குப் போகட்டும். அடைக்கப்பனைப் பாலிக் புலாவிலிருந்து எடுத்து, கெடா உள்காட்டில் புதுத்தோட்டம் வெட்டுகிற இடத்துக்கு அனுப்புகிறேன். அப்பனுக்கு என் பக்கத்தில் இடமில்லையென்றால் பிள்ளைக்கும் இங்கே வர வழியில்லை. அந்தக் காட்டில் சுரம் உண்டு என்கிறார்கள். கொயினா மாத்திரை கொடுத்தே அனுப்புவேன்.

என் தீர்மானம் பிசகு என்றால், "காமாட்சி பிள்ளை இல்லை" என்று ஒரு வரி எழுதுங்கள். தைப்பூசம் வரை காத்திருப்பேன்.

தங்கள் தம்பி
வெள்ளையன்

*

சிவமயம்

நெற்குப்பை
மார்கழி 20

தம்பி வெள்ளையனுக்கு. இவ்விடம் எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு எழுது.

பதில் எழுத நாளாகிவிட்டது. திருவாதிரைக் களி, வீட்டு வேலை என்று கை ஒழியவில்லை. இரண்டாம் கட்டில் மேற்குப் பக்கத்து ஓடு நாலு இடத்தில் ஒழுகியது, ஆள் வைத்து மாற்றினேன். இந்த வருஷம் புளி நன்றாக இல்லை, ஒரே நார். மாவடு போட்டதும் காஜா மொய்தீன் ராவுத்தர் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். முத்தம்மைக்கு மறுபடி பால் சுரக்கிறது. அவள் பிள்ளை குரல் கேட்டால் சிரிக்கிறான்.

நீ கேட்டிருந்ததைப் பார்த்தேன்.

குளிர் காலமாகையால் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு படு. வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

பொன்னம்மை

*

முருகன் துணை

பினாங்கு
தை 16

ஆச்சி அவர்களுக்கு. நலம். பூசத்துக்கு மூன்று நாளும் தண்ணீர்மலையில் இருந்தேன். நல்ல தரிசனம்.

தங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மறுப்பு இல்லை. எனக்கு அது போதும். பெயரைத் தங்கள் வாயால் சொல்ல முடியாத சங்கடம் எனக்குப் புரிகிறது. முன்பு மறைத்ததை மனசில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

அடைக்கப்பன் மாப்பிள்ளை பத்தாம் தேதி புறப்பட்டார். கெடாவுக்குச் சாமான் ஏற்றிப்போகும் காஜா மொய்தீன் ராவுத்தர் படகில் அனுப்பினேன். "ஏன் என்னய அனுப்புறீக? நாஞ் செஞ்ச பிழை என்ன?" என்று கேட்டார். நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றேன். சாதிக்காய் பறிப்பு நடுவில் இருக்கிறது, முடித்துவிட்டுப் போகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். பக்கத்துத் தோட்டத்து மலாய்க்காரி, சித்தி ஹாஜரா என்று பெயர், அவருக்குச் சாமான் கட்டிக்கொடுக்க வந்தவள், அரைத் தமிழில் என்னிடமே சொன்னாள் (முதலாளியை இங்கே தவுக்கே என்பார்கள்): "தவுக்கே, அந்தக் காடு நல்லா இல்லைலா. மழை முடியட்டும், அப்புறம் போகட்டும்லா." அவளுக்கு என்ன தெரியும்!

முத்தம்மை பிள்ளைக்கு வெள்ளி அரைஞாணும் காப்பும் தனியாக அனுப்பியிருக்கிறேன். காமாட்சி புறப்பட்டதும் எழுதவும்.

தங்கள் தம்பி
வெள்ளையன்

*

சிவமயம்

நெற்குப்பை
மாசி 7

வெள்ளையா,

நீ சொன்னபடியே ஆயிற்று. முதல் தேதி காமாட்சி புறப்பட்டாள். ஒரு பெட்டி, ஒரு தூளிச் சேலை, இடுப்பில் வயிரவன். அடைக்கப்பன் வீடு இரண்டு அறை வீடு, மழைக்கு ஒதுங்க முடியாது. பிள்ளையை ஒருதரம் கொடு, முத்தம் கொடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். "வேணாம் ஆச்சி. அம்மானுக்கு ஆகாத பிள்ள, பெரியாத்தாளுக்கு மட்டும் ஆகுமா?" என்று இடுப்பை மாற்றிக்கொண்டாள்.

கெடாவிலிருந்து அவளுக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை. பாலிக் புலாவிலிருந்து வாரம் தவறாமல் எழுதுகிற மனுஷன்.

நீ கேட்ட வரியை இப்போது எழுதுகிறேன், கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போகாதே. காமாட்சி பிள்ளை இல்லை. முத்தம்மை பிள்ளையும் இல்லை. செத்த ஆத்தா மேல் சத்தியம். அடைக்கப்பனை உடனே பினாங்குக்கு அழைத்துக்கொள். இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே ஆள் அனுப்பு. நான் உன்னிடம் வேறெதுவும் கேட்டதில்லை.

பொன்னம்மை

*

முருகன் துணை

பினாங்கு
மாசி 12

ஆச்சி அவர்களுக்கு. துக்கமான சேதி எழுதுகிறேன், மனதைத் திடப்படுத்திக்கொள்ளவும்.

மாப்பிள்ளை அடைக்கப்பன் ஆறாம் தேதி கெடாவில் சிவபதவி அடைந்துவிட்டார். காட்டுச் சுரம். எட்டு நாள் கிடந்தார். வேண்டியது எல்லாம் செய்தும் பலனில்லை. அங்கேயே தகனம் ஆயிற்று. காரியங்களுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டேன், காமாட்சிக்கும் சாகும்வரை சோற்றுக்குக் குறைவு வராது என்று சொல்லுங்கள்.

எல்லாம் விதி. ஒன்று மட்டும் மனதில் படுகிறது. அந்தப் பிள்ளையின் தோஷம் எனக்கு வரவேண்டியது, அப்பன் மேல் இறங்கிவிட்டது. ஜோசியரும் அதையே சொன்னார். இனி பயமில்லை என்றார். விரும்பினால் காமாட்சி மறுபடி நம் வீட்டுக்கு வரலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

தங்கள் தம்பி
வெள்ளையன்

*

சிவமயம்

நெற்குப்பை
பிரபவ வருஷம், சித்திரை 19

வெள்ளையனுக்குப் பொன்னம்மை எழுதுவது. இரண்டு மாதமாக நான் எழுதவில்லை. நீயும் ஏன் என்று கேட்கவில்லை.

போன வாரம் காஜா மொய்தீன் ராவுத்தர் காமாட்சி வீடு தேடி வந்தார். அடைக்கப்பனின் மூக்குக்கண்ணாடியையும் ஒரு துண்டையும் காமாட்சியிடம் கொடுத்தார். பிறகு வாசலில் உட்கார்ந்து குழந்தைபோல அழுதார். நானும் அங்கேதான் இருந்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சொரம் வந்த மூணாம் நாளே என்கிட்டச் சொல்லியனுப்பிச்சாரு ஆச்சி. பினாங்குக்கு வந்து ஆசுபத்திரியில படுத்துக்கிறட்டுமான்னு செட்டியார்கிட்டக் கேக்கச் சொன்னாரு. நாந்தான் போய்க் கேட்டேன். அங்கேயே இருக்கட்டும், இங்க வரவேணாம்னுட்டாரு. திரும்பப் போய்ச் சொன்னேன். சரின்னு மட்டும் சொன்னாரு." வேண்டியது எல்லாம் செய்ததாக நீ எழுதியிருந்தாய். இதை விட்டுவிட்டாய்.

நானும் ஒன்றை விட்டேன். ஒரு வரி எழுது, காத்திருக்கிறேன் என்று கேட்டிருந்தாய். நான் ஓட்டையும் புளியையும் எழுதினேன். அந்த வரியை நாலு தரம் எழுதிக் கிழித்தேன். காமாட்சி பிள்ளை இல்லை என்று எழுதினால் நீ முத்தம்மை பக்கம் திரும்புவாய். முத்தம்மையை நம் ஆத்தா பெற்றுப் போட்ட பதினோராம் நாள் கண்ணை மூடினாள். பிள்ளையில்லாத நான்தான் அவளை எடுத்து வளர்த்தேன், எனக்கு அவள் தங்கை இல்லை, மகள். காமாட்சி கெட்டிக்காரி, எதையும் தாங்குவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு வீடு போவதற்கு ஒரு வீடு போகட்டும் என்று நினைத்தேன். நீ ஒரு பிள்ளையைப் பொறுக்கினாய். நானும் பொறுக்கினேன். உனக்குப் பயம் என்றாவது ஒரு சாக்கு இருந்தது. எனக்கு உண்மை தெரிந்திருந்தது.

ராவுத்தர் போனதும் இதையெல்லாம் காமாட்சியிடம் சொல்லிவிட்டேன். அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். வயிரவன் அவள் மடியில் உட்கார்ந்து கண்ணாடியின் காதுக்கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தான். "அண்ணன் காகிதமெல்லாம் எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். கொண்டுவந்து கொடுத்தேன். ஐந்தையும் தேதி பார்த்து அடுக்கி, அந்தக் கண்ணாடியோடு பெட்டியில் வைத்துப் பூட்டினாள். "இவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரிஞ்சதும் மொதல்ல இதத்தான் படிக்கணும்" என்றாள்.

உன் வீட்டுக்கு அவள் வரமாட்டாளாம். உன் சோறும் வேண்டாமாம். தெருவில் நாலு வீட்டுக்கு மாவு இடிக்கிறாள்.

பிறக்கும்போது அவன் கழுத்தில் ஒன்றும் இல்லை. நீ சும்மா இருந்திருந்தால் உன்னை அம்மான் என்று கூப்பிட்டுக்கொண்டு உன் காலடியில் வேலை கற்றுக்கொண்டிருப்பான். இப்போது உனக்கு ஆகாதவன் அவன்தான். எனக்கும்தான்.

நான் உனக்கு எழுதிய கடிதங்கள் உன்னிடம் இருக்கும். அவற்றைக் கிழித்துப் போடாதே. மார்கழியில் எழுதியதை முக்கியமாக வைத்திரு. அவனிடம் இருப்பது உன் பாதிதான். என் பாதியைக் கேட்டு அவன் அங்கே வருவான்.

அவன் ஆளாகிக் கப்பலேற இன்னும் பதினெட்டு வருஷம் ஆகும். உனக்கு அப்போது அறுபத்திரண்டு. அதுவரை உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் விளக்கேற்றி வேண்டிக்கொள்கிறேன். உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

பொன்னம்மை